தேர்வுரிமைக்கு முழங்கால் கிடையாது

ஓமாஹா கொக்குகள் கூடைப்பந்து அணியின் சட்டை அறைக்கு நான் பொறுப்பாளன். பெயர் வெண்டல் குசேரா. ஆட்டக்காரர்களின் சட்டை முதுகில் பெயரைத் தைப்பது, வேர்வையில் ஊறியதைத் துவைப்பது, ஆள் வேறு அணிக்குப் போனால் பெயரைப் பிரித்தெடுப்பது ஆகியவை என் கடமைகள். இருபத்துமூன்று வருடமாகச் செய்துவருகிறேன். ஆரம்பத்தில் தைக்கிற வேலை அதிகம், பிரிக்கிற வேலை குறைவு. பிறகு பொது மேலாளராகப் பிரெஸ்டன் கிட்ரிட்ஜ் வந்தார்.

அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன் எங்கள் லீகின் கருணைச் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு ஜூன் மாதமும் கல்லூரிகளிலிருந்து வரும் நெட்டைப் பையன்களை அணிகள் வரிசையில் நின்று, சுற்றுக்கு ஒருவராக இரண்டு சுற்றில் தேர்ந்தெடுக்கும். போன பருவத்தில் படுமோசமாகத் தோற்றவர்கள் வரிசையில் முன்னால் நிற்கலாம். பாவம், தோற்றவன் பிழைத்துப்போகட்டும் என்ற நல்லெண்ணம். யாரும் வேண்டுமென்றே தோற்றார்கள் என்ற பேச்சு வந்துவிடக் கூடாது என்பதற்காக, முதலிடம் யாருக்கு என்பதைப் பிங்பாங் பந்துகளைக் குலுக்கி முடிவு செய்வார்கள். அதனால் பேச்சு நின்றது. தோற்பது நிற்கவில்லை.

வரிசையில் நிற்கும் அந்த இடத்துக்குத் தேர்வுரிமை என்று பெயர். இதை அடுத்த அணிக்குக் கொடுத்து ஆளை வாங்கலாம், ஆளைக் கொடுத்து இதை வாங்கலாம். ஏழு வருடம் தள்ளி வரப்போகும் தேர்வுரிமையைக்கூட இன்றைக்கே கைமாற்றலாம். அந்த உரிமையில் வரப்போகும் மகான் இப்போது நாலாம் வகுப்பில் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருப்பார்.

கிட்ரிட்ஜுக்கு வயது முப்பத்தொன்று. ஏதோ ஆலோசனை நிறுவனத்திலிருந்து வந்தவர். கூடைப்பந்து ஆட்டம் ஒன்றைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை என்று முதல் நாளே பெருமையாகச் சொன்னார். பார்த்தால் உணர்ச்சி வந்துவிடுமாம், உணர்ச்சி வந்தால் மதிப்பீடு கெட்டுவிடுமாம். வருடம் முழுவதும் கை இல்லாத பஞ்சு மேல்சட்டை ஒன்றைப் போட்டிருப்பார். மூன்றே வாரத்தில் அலுவலகத்தில் எல்லோரும் அதையே போட்டுக்கொண்டார்கள். ஜனவரி மாத ஓமாஹாவில் கை குளிராதா என்று ஒருவனைக் கேட்டேன்.

"கைங்கிறது தேவையில்லாத செலவு, வெண்டல்" என்றான், பல் கிட்டிக்க.

அப்போது எங்களிடம் லவெல் பெட்டிஃபோர்ட் இருந்தான். ஆறடி பத்தங்குலம். அதிகம் புள்ளி எடுக்க மாட்டான். ஆனால் வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்து, சொந்தக்காரன் வீட்டுக்குப் போகிற மாதிரி, அவன் கைக்குத்தான் போகும். அவன் ஆடினால் ஜெயித்தோம், உட்கார்ந்தால் தோற்றோம். எட்டு வருடத்தில் ஆறு ஊர் மாற்றப்பட்டவன். எல்லா ஊரிலும் வாடகை வீடு. ஊர் ஊராக அவனோடு முப்பத்தொரு அட்டைப்பெட்டிகள் அலைந்தன, பாதியைப் பிரித்ததே இல்லை. அவனுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை, அந்தப் பெட்டிகளைப் பிரித்து, சாமான்களை அலமாரியில் அடுக்கி, அங்கேயே இருந்துவிட வேண்டும் என்பது. அதற்காகவே ஓமாஹாவில் முன்புறம் புல்வெளி வைத்த ஒரு வீட்டை வாங்கினான்.

குடிபோன சனிக்கிழமை நானும் கூடமாட இருந்தேன். 'சமையலறை' என்று எழுதிய பெட்டியின் ஒட்டுநாடாவை அவன் கத்தியால் கிழித்தான். கைபேசி அடித்தது.

"ஹலோ... ஆமா, நான்தான்... இப்பவா?... எந்த ஊரு?... சரி."

கைபேசியைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டியையே பார்த்தான்.

"என்னடா தம்பி?"

"ஸ்போக்கேன், அண்ணே. நாலு மணிக்கு ஃபிளைட்டாம்."

"யாருக்குப் பதிலா?"

"ஆளு யாரும் இல்ல. ஏதோ ஒரு வருஷத்தச் சொன்னாங்க."

கிழித்த இடத்தில் புது நாடாவை ஒட்டினான். சாவியை என் கையில் கொடுத்தான். "புல்ல மட்டும் பாத்துக்கங்க அண்ணே. ஒரு அடி வளந்துச்சுன்னா மாநகராட்சிக்காரன் நோட்டீஸ் ஒட்டிருவான். குளிர்காலத்துல நடைபாதைப் பனியையும் தள்ளிருங்க. நான் சீக்கிரம் வந்துருவேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் திங்கட்கிழமை காலையே நேராக மேலாளர் அறைக்குப் போனேன். சட்டையில் பிரித்த பெயரின் நூல் இன்னும் என் விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"சார், லவெலக் குடுத்துட்டு என்ன வாங்கினீங்க?"

"ஸ்போக்கேனோட மூணு வருஷம் தள்ளி வர்ற முதல் சுற்றுத் தேர்வுரிமை, வெண்டல். முதல் நாலு இடத்துக்குப் பாதுகாப்போட."

"பாதுகாப்புன்னா?"

"அது முதல் நாலு இடத்துக்குள்ள விழுந்தா அவங்களே வச்சுக்குவாங்க. அதுக்குக் கீழ விழுந்தா நமக்கு."

"அப்ப நல்லா இருந்தா அவங்களுக்கு, உருப்படாததா இருந்தா நமக்கு?"

"எவ்ளோ சீக்கிரம் புரிஞ்சுக்கிட்டீங்க!" என்று மகிழ்ந்துபோனார் கிட்ரிட்ஜ்.

"லவெல் நல்ல ஆட்டக்காரன் சார்."

"மறுக்கல. ஆனா அவருக்கு வயசாகும், முழங்கால் வலிக்கும், மூடு மாறும். தேர்வுரிமைக்கு முழங்கால் கிடையாது, வெண்டல். அது காயப்படாது, சாப்பிடாது, தோத்ததுக்கு அழாது. உலகத்துலயே குறை சொல்ல முடியாத ஆட்டக்காரன், இன்னும் வராத ஆட்டக்காரன்தான்."

விரலில் ஒட்டியிருந்த நூலை உருட்டிக்கொண்டே வெளியே வந்தேன். அன்றைக்கே வேலையை விட்டிருக்க வேண்டும். விடவில்லை.

அதற்குப் பிறகு வியாபாரம் ஜோராக நடந்தது. ஸ்போக்கேன் தந்த ஒரு தேர்வுரிமையைப் பிரித்து, இன்னும் இரண்டு வருடம் தள்ளி வரும் இரண்டாக வாங்கினார். அந்த இரண்டை, இன்னும் தள்ளி வரும் மூன்றாக்கினார். எங்கள் பந்து கடத்துகிறவன் போனான், தூரத்திலிருந்து எறிகிறவன் போனான், கடைசியில் பயிற்சியாளரின் துண்டை மடிக்கிறவனைத் தவிர எல்லோரும் வருடங்களாக மாறினார்கள். ஆடுவதற்கு ஆள் வேண்டும் என்று லீக் விதி சொல்வதால், பத்து நாள் ஒப்பந்தத்தில் சின்ன லீக் பையன்களைக் கூட்டிவந்தோம். நான் அவர்கள் பெயரைத் தைப்பதை விட்டு ஊக்கு குத்த ஆரம்பித்தேன். ஒருநாள் ஒருவன் குதிக்கும்போது ஊக்கு கழன்று 'முல்லின்ஸ்' என்ற பெயர் எதிரணிக்காரன் தோளில் ஒட்டிக்கொண்டது. அரங்கில் ஒருவரும் வித்தியாசம் கவனிக்கவில்லை.

எண்பத்திரண்டு ஆட்டத்தில் எழுபத்தொன்று தோற்றோம். அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. 'இதனால் சகல பணியாளர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், தோல்வி என்னும் சொல் இனி அலுவல் சார்ந்த எழுத்திலும் பேச்சிலும் பயன்படுத்தப்படலாகாது. அதற்கு ஈடாக எதிர்கால முதலீட்டு ஆட்டம் என்னும் தொடரைக் கையாளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.' ஊர் ஊராகப் போய்ப் பள்ளி மைதானங்களில் பையன்களைப் பார்த்துக் குறிப்பெழுதும் ஆறு பெரியவர்கள் எங்களிடம் இருந்தார்கள். தேர்ந்தெடுக்கிற வேலையே இல்லாதபோது பார்க்கிற ஆள் எதற்கு என்று அவர்களையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். நியாயமாகத்தான் பட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இதையெல்லாம் ஊர் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. நான்காவது வரிசையில் டார்லீன் வானெக் என்ற அம்மாள் உட்காருவார். மாட்டிறைச்சிக் கூடத்தில் எலும்பு அறுக்கிற வேலை, குரலும் அதற்குத் தகுந்தாற்போல் இருக்கும். அவர் போட்டிருக்கும் குளிர்ச்சட்டையின் முதுகில் லவெல் பெயர் இருக்கும், நானே தைத்துக் கொடுத்தது. ஓர் ஆட்டத்தின் இடைவேளையில் கிட்ரிட்ஜ் நடைபாதையில் போனபோது எட்டி அவர் மேல்சட்டையைப் பிடித்துவிட்டார்.

"ஏம்ப்பா, எங்க லவெல் எங்க?"

"மேடம், லவெல் இப்ப அஞ்சாயிட்டார்."

"என்னது?"

"அஞ்சு தேர்வுரிமை. ஒண்ணு மூணாச்சு, மூணு அஞ்சாச்சு. உங்க முதுகுல ஒருத்தர் பேரு இருக்கு. அந்த இடத்துல இனிமே அஞ்சு பேரு வருவாங்க. யாருன்னு நீங்களே நினைச்சுக்கலாம். எவ்ளோ உயரம் வேணாலும் நினைச்சுக்கலாம்."

டார்லீன் பிடியை விட்டார். கண்ணை மூடினார். கொஞ்சம் கொஞ்சமாக முகம் மலர்ந்தது. "ஏழடி?" என்று கேட்டார்.

"ஏழடி ரெண்டங்குலம்" என்றார் கிட்ரிட்ஜ், தாராள மனசோடு.

அன்றோடு டார்லீன் தொலைந்தார். அடுத்த பருவத்தில் எந்த அணியின் எந்த வருடத்துத் தேர்வுரிமை எந்த நிபந்தனையில் எங்களிடம் இருக்கிறது என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பார். எங்கள் பையன் தெரியாத்தனமாகப் பந்தைக் கூடையில் போட்டுவிட்டால், "டேய், எதிர்காலத்தக் கெடுக்காதடா!" என்று கத்துவார். அவரைப் பார்த்து வரிசை மூன்று, வரிசை ஐந்து, பிறகு அரங்கமே கற்றுக்கொண்டது. சாண்ட்விச் கடையில் ரொட்டிக்கு நடுவே எத்தனை துண்டு இறைச்சி என்று யாரும் கேட்பதில்லை. இன்றைக்கு ஒரு துண்டை விட்டுக்கொடுத்தால் அடுத்த வருடம் எத்தனை என்று கேட்கிறார்கள்.

அந்தச் சமயத்தில்தான் என் அறைக்கு அந்த உத்தரவு வந்தது. தேர்வுரிமைகளுக்குச் சட்டை தைக்க வேண்டும். ரசிகர்கள் கேட்கிறார்கள்.

"சார், முதுகுல என்ன எழுதறது?"

"அதோட முழுப்பேரு. 'ஸ்போக்கேன் ஐந்தாம் ஆண்டு முதல் சுற்று, முதல் நான்கு இடங்களுக்குப் பாதுகாப்பு உண்டு, தவறினால் ஆறாம் ஆண்டு, அதுவும் தவறினால் இரண்டு இரண்டாம் சுற்றுகள்.'"

"முதுகு பத்தாதே சார்."

"சுத்திக் கொண்டுவாங்க."

சுற்றிக்கொண்டு வந்தேன். நிபந்தனைகள் விலாவைச் சுற்றி வயிற்றுக்கு வந்து தொப்புளருகே முடிந்தன. அந்த வருடம் அதுதான் மிக அதிகமாக விற்ற சட்டை.

நான்காம் வருடம் பிங்பாங் பந்துகள் எங்களைப் பார்த்துச் சிரித்தன. முதலிடம் எங்களுக்கு. ஊரே மாநகராட்சிக் கட்டடத்தின் முன் கூடியது. சரி, இவ்வளவு தோற்றதும் இதற்குத்தானே, இனி ஒரு நல்ல பையன் வருவான், நானும் ஒழுங்காக ஒரு பெயர் தைக்கலாம் என்று நூலை ஊசியில் கோத்து வைத்துக்கொண்டு கிட்ரிட்ஜ் பக்கத்தில் நின்றேன். தேர்ந்தெடுக்க ஐந்து நிமிடம் தருவார்கள்.

"யாரு சார்?"

"யாருன்னா?"

"யாரத் தேர்ந்தெடுக்கப் போறீங்க?"

அவர் என்னைத் திகிலோடு பார்த்தார். "தேர்ந்தெடுக்கறதா? தேர்ந்தெடுத்தா அது ஆளாயிடுமே, வெண்டல்! ஆளானா முழங்கால் வந்துருமே!"

நான்காவது நிமிடத்தில் அதை வேறு அணிக்குக் கொடுத்து நான்கு தேர்வுரிமைகள் வாங்கினார். கூட்டம் ஆர்ப்பரித்தது. டார்லீன் அழுதார், சந்தோஷத்தில். நான் ஊசியிலிருந்து நூலை உருவினேன்.

லவெல் இதற்குள் ஸ்போக்கேனிலிருந்து லூயிவில், அங்கிருந்து டுல்சா என்று போயிருந்தான். வருடத்துக்கு இரண்டு முறை எங்களோடு ஆட ஓமாஹாவுக்கு வருவான். வெளியூர் அணிக்காரர்கள் ஹோட்டலில்தான் தங்க வேண்டும் என்பது அவன் அணியின் கட்டளை. சொந்த வீடு எட்டுத் தெரு தள்ளி இருந்தும் பதினான்காம் மாடி அறையிலிருந்து எனக்குக் கூப்பிடுவான்.

"அண்ணே, ஜன்னல்லேருந்து என் கூரை தெரியுது. பனி ஜாஸ்தியா இருக்கே?"

"நாளைக்குத் தள்ளிர்றேன்டா."

"பெட்டியெல்லாம்?"

"அப்படியேதான் இருக்கு. ஒட்டுன நாடா பிரியல."

"சரிண்ணே" என்பான். மறுநாள் வந்து எங்களை அடித்து நொறுக்கிவிட்டுப் போவான். எங்கள் ஆட்கள் கைதட்டுவார்கள்.

ஆறாம் வருடம் அணியின் உரிமையாளர் ஹாஃப்ஸ்டெட்டர் பொறுமை இழந்தார். அவர் சோளப்பொரி வியாபாரி. பொரிப் பையில் அணியின் நட்சத்திர ஆட்டக்காரர் முகத்தைப் போடுவது வழக்கம். "ஆறு வருஷமா பையில கேள்விக்குறி போட்டு விக்கிறேன்யா. ஜனங்க அது புது ருசின்னு நினைக்கறாங்க. எனக்கு ஒரு மூஞ்சி வேணும். ஒரே ஒரு மூஞ்சி. இல்லன்னா உங்க மூஞ்சிய இங்க பாக்கக் கூடாது" என்று கிட்ரிட்ஜிடம் சொல்லிவிட்டார்.

கிட்ரிட்ஜ் தன் அலுவலகத்தில் கணக்குப் போடும் எட்டுப் பேரையும் கணிப்பொறி முன் உட்காரவைத்தார். லீகில் உள்ள நானூற்றைம்பது பேரில் ஓமாஹாவுக்கு எவன் சரியாகப் பொருந்துவான்? எவன் ஆடினால் ஓமாஹா ஜெயிக்கும்? பதினேழு நாள் கணக்குப் போட்ட கணிப்பொறி ஒரே பெயரைத் தந்தது. எட்டுப் பேரும் மறுபடி போட்டார்கள். மறுபடியும் அதே பெயர். லவெல் பெட்டிஃபோர்ட், வயது முப்பத்தைந்து, இடது முழங்காலில் பட்டை.

டுல்சாக்காரர்கள் சாமான்யப்பட்டவர்கள் இல்லை. எங்களுக்கு வேறு வழியில்லை என்று தெரிந்ததும் உள்ளதையெல்லாம் கேட்டார்கள். பதினொரு முதல் சுற்றுத் தேர்வுரிமைகள். ஆறு வருடச் சேமிப்பு. கிட்ரிட்ஜ் கொடுத்துவிட்டார். 'வரலாறு காணாத துணிகரம்' என்று அறிக்கை வந்தது. அந்தப் பதினொன்றும் எதிலிருந்து குட்டி போட்டவை என்று சட்டைகளைத் தைத்த எனக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் தாய் அந்த ஸ்போக்கேன் தேர்வுரிமை. லவெலைக் கொடுத்து வாங்கியது.

அதைக் கிட்ரிட்ஜிடம் சொன்னேன்.

"அப்படிப் பாக்கக் கூடாது வெண்டல்" என்றார், ஆனால் அவர் முகம் வெளுத்திருந்தது. "நடுவுல ஆறு வருஷம் நம்பிக்கை இருந்துச்சுல்ல?"

லவெல் வந்து இறங்கிய அன்று அவனுக்குப் புதுச் சட்டை தைக்கவில்லை. பழையதை நான் பீரோவில் வைத்திருந்தேன். சாவியைக் கொடுத்தேன். 'சமையலறை' பெட்டியை என் கண் முன்னால் பிரித்தான். மேலாக, வாஃபிள் என்கிற கட்டம்போட்ட அடையைச் சுடும் இயந்திரம் ஒன்று இருந்தது. அதைத் துடைத்து, மாவு கரைத்து, எனக்கு இரண்டு சுட்டுக் கொடுத்தான். ஒன்று கருகிவிட்டது. அவன் இயந்திரத்தை அலமாரியில் வைத்துவிட்டு, இரண்டடி பின்னால் தள்ளி நின்று பார்த்தான். நான் கருகியதையும் சேர்த்துத் தின்றுமுடித்தேன்.

ஞாயிறு மதியம் அல்புகர்க்கியோடு ஆட்டம். உரிமையாளர் கிட்ரிட்ஜைக் கட்டாயப்படுத்திப் பக்கத்தில் உட்காரவைத்தார். கடைசி நான்கு விநாடி, ஒரு புள்ளி பின்னால் இருக்கிறோம். எங்கள் பையன் எறிந்தது வளையத்தில் பட்டுத் திரும்பியது. பந்து தன் சொந்தக்காரன் வீட்டுக்குப் போனது. லவெல் அதைப் பிடித்த கையோடு உள்ளே போட்டான்.

ஜெயித்துவிட்டோம்.

பன்னிரண்டாயிரம் பேர் வாயே திறக்கவில்லை. அணியிடம் மிச்சமிருந்தது இந்த வருடத்து எங்கள் சொந்தத் தேர்வுரிமை ஒன்றுதான், ஜெயித்தால் அது வரிசையில் பின்னால் போகும். டார்லீன் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த அமைதியில் ஒரே ஒரு மனிதர் மட்டும் நாற்காலிமேல் ஏறி நின்று கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார். கிட்ரிட்ஜ். மேல்சட்டையைக் கழற்றிச் சுழற்றினார். கன்னத்தில் கண்ணீர்.

ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். "வெண்டல்! இப்படி இருக்கும்னு யாருமே சொல்லலையே! பந்து உள்ள போச்சு பாத்தீங்களா? தினமும் இப்படிப் போகுமா?"

"ஆள் இருந்தா போகும் சார்."

"இவர யாருக்கும் குடுக்க மாட்டேன். உலகத்தையே குடுத்தாலும் குடுக்க மாட்டேன்!"

இது வெளியே தெரிந்தது. மறுநாளே ஊர் கொதித்தெழுந்தது. பொறுப்பற்ற மேலாளர், நிகழ்காலத்தில் மூழ்கிவிட்டார், ஒரு முழங்காலுக்காக எதிர்காலத்தை அடகு வைக்கிறார் என்று நாற்பதாயிரம் பேர் கையெழுத்திட்ட மனு உரிமையாளரிடம் போனது. பொரி வாங்குகிறவர்களும் அவர்களேதான் என்பதால் அவர் உடனே கிட்ரிட்ஜை நீக்கினார். மக்களின் ஏகோபித்த விருப்பத்துக்கிணங்க டார்லீன் வானெக் பொது மேலாளர் ஆனார். எல்லா நிபந்தனைகளும் மனப்பாடமாகத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். கிட்ரிட்ஜ் இப்போது நான்காவது வரிசையில் டார்லீனின் பழைய நாற்காலியில் உட்கார்ந்து, "பந்தப் புடிங்கடா!" என்று தொண்டை கிழியக் கத்துகிறார். பக்கத்திலுள்ளவர்கள் அவரைப் பைத்தியம் என்கிறார்கள்.

புது மேலாளருக்கு வாழ்த்துச் சொல்ல லவெல் ஒரு தட்டு வாஃபிள் சுட்டுக்கொண்டு போனான். நானும் கூடப் போனேன். டார்லீன் தன் குளிர்ச்சட்டையைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டியிருந்தார். லவெலின் பெயர் எங்களைப் பார்த்தபடி இருந்தது.

"லவெல், உக்காரு கண்ணு" என்றார். கண் சிவந்திருந்தது. "உன்னைக் குடுத்துட்டேன்."

லவெல் தட்டை மேசைமேல் வைத்தான். "அக்கா, நேத்துதான் பதினாறாவது பெட்டியப் பிரிச்சேன்."

"தெரியும்யா. ராத்திரியெல்லாம் தூங்கல. நீ என் முதுகுல இருக்கிறவன். உன்னை எவனோ ஒருத்தன் சும்மா தூக்கிக் குடுத்துடக் கூடாதுன்னுதான் நானே நின்னு பேசினேன். உனக்கு ஏழு வருஷம் தள்ளி வர்ற முதல் சுற்று வாங்கியிருக்கேன்." குரலைத் தாழ்த்தினார். "பாதுகாப்பு இல்லாதது."

"பாதுகாப்பு இல்லாததா!" என்றேன் நான். வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், உடம்பு சிலிர்த்தது.

லவெல் எழுந்து நின்றான். அழப்போகிறான் என்று நினைத்தேன். அவன் முகத்தில் மெல்ல மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது.

"எனக்கா அக்கா? இந்த முழங்காலுக்கா? எந்த நிபந்தனையும் இல்லாமலா?"

"ஒரு நிபந்தனையும் இல்ல."

"முதலிடமே வந்தாலும் நமக்குத்தானா?"

"நமக்கேதான்."

வெளியே வரும்போது அவன் நெஞ்சு ஒரு அங்குலம் அகன்றிருந்தது. பதினாறு பெட்டிகளையும் மறுபடி நிரப்பி நாடா ஒட்டினோம். வாஃபிள் இயந்திரம் கடைசியாக உள்ளே போனது. வாசலில் நின்று சாவியை என் கையில் வைத்தவன், நாலு எட்டு நடந்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"அண்ணே, அந்த ஏழாம் வருஷத் தேர்வுரிமைக்குச் சட்டை தைப்பீங்கல்ல?"

"தைப்பேன்."

"எனக்கு ஒண்ணு அனுப்புங்க. இருக்கறதுலயே பெரிய அளவு. அப்புறம் புல்ல மட்டும் பாத்துக்கங்க. இன்னும் ஏழே வருஷம்தான், அண்ணே. யாரு வரப்போறான்னு பாருங்க!"

எனக்கும் ஒன்று தைத்துக்கொண்டேன். நிபந்தனை ஏதும் இல்லாததால் எழுத்து முழுவதும் முதுகிலேயே அடங்கிவிட்டது. புல் வெட்டும்போது அதைத்தான் போட்டுக்கொள்கிறேன்.